புதைத்த நஞ்சும் எழுந்த பெண்களும்

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து எத்தகையது என்பதை எமது பெண்களுக்கு எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மீளக்குடியேறச் சென்ற காணியின் ஓரத்தில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நிற்கும். மேலே புல் முளைத்திருக்கும், தொட்டாற்சுருங்கி பூத்திருக்கும். கீழே மிதிவெடி கிடக்கும். சொந்தக் காணியில் கால் வைக்கப் பயந்து நின்ற அந்த நாட்களை எம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை.

மிதிவெடிக்காவது ஒரு பலகை உண்டு. மண்ணுக்குள் புதைக்கப்பட்ட தொழிற்சாலைக் கழிவுக்குப் பெரும்பாலான இடங்களில் பலகையும் இல்லை. அது வெடிப்பதுமில்லை. கிணற்று நீரோடும் சுவாசிக்கும் காற்றோடும் மெல்ல மெல்ல உடலுக்குள் சேருகின்றது. பாதிப்பு வெளியே தெரியவரும்போது, புதைத்தவர் யார், எப்போது புதைத்தார் என்று சொல்லக்கூட ஆளிருப்பதில்லை.

நான் செல்லும் மாதர் சங்கக் கூட்டங்களில் கிணறு, கழிவு, சுகாதாரம் பற்றிப் பேச்செடுத்தால் அநேகமாக ஒரு கேள்வி எழும். "எங்கடை கதையை ஆர் மிஸ் கேட்கப்போகினம்? நாங்கள் என்ன படிச்ச ஆக்களே?" என்று யாராவது ஒரு அக்கா கேட்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. அது அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தின் நயாகரா நீர்வீழ்ச்சி நகரத்தில் நடந்தது. அதில் வருபவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலையும் பிள்ளைகளுமாக இருந்த சாதாரணப் பெண்கள். பழைய தொழிற்சாலைக் குப்பைக்குழி ஒன்றை ஆராயவும் துப்புரவாக்கவும் ஓர் அரசாங்கத்தையே அவர்கள் இறங்கிவரச் செய்தார்கள். அந்த இடத்தின் பெயர் லவ் கால்வாய்.

கைவிடப்பட்ட கால்வாய்

1890களில் வில்லியம் லவ் என்ற தொழிலதிபர் நயாகரா ஆற்றின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் இணைத்து ஒரு கால்வாய் வெட்டத் திட்டமிட்டார். விழும் நீரிலிருந்து மின்சாரம் எடுத்து, அதைச் சுற்றி ஒரு மாதிரி நகரத்தை அமைப்பது அவருடைய கனவு. பொருளாதார நெருக்கடி வந்தது. மின்சாரத்தைத் தூர இடங்களுக்குக் கொண்டுசெல்லும் முறையும் வந்தது. திட்டம் நின்றுபோனது. எஞ்சியது சுமார் 3,000 அடி நீளமான ஒரு குழி மட்டுமே. அதில் நீர் தேங்கியது. கோடையில் சிறுவர்கள் அதில் நீந்தி விளையாடினார்கள்.

அதே நகரத்தில் ஹூக்கர் என்னும் இரசாயன நிறுவனம் இருந்தது. உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்தி கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் தயாரிப்பது அதன் ஆரம்பத் தொழில். ஆனையிறவு உப்பைக் கொண்டு இதே பொருட்களைத் தயாரித்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை அறிந்த மூத்தவர்களுக்கு இது புதிய விடயமல்ல. ஆனால் ஹூக்கர் அத்துடன் நிற்கவில்லை. குளோரினிலிருந்து பூச்சிகொல்லிகள், கரைப்பான்கள் எனப் பலவற்றைத் தயாரித்தது. அவற்றின் கழிவுகளைப் போட ஓர் இடம் தேவைப்பட்டது. பழைய கால்வாய்க் குழி கைக்கெட்டிய தூரத்தில் கிடந்தது.

1942 முதல் 1953 வரை 21,000 தொன்னுக்கும் அதிகமான இரசாயனக் கழிவு அங்கு கொட்டப்பட்டது. பீப்பாய்களில் அடைத்தும் அப்படியேயும் கொட்டி, மேலே களிமண் போட்டு மூடினார்கள். பென்சீன், குளோரோபென்சீன்கள், லிண்டேன் பூச்சிகொல்லியின் கழிவு ஆகியவை அதில் இருந்தன. மிகச் சிறிய அளவிலேயே பெருந்தீங்கு செய்யும் டயொக்சின் கலந்த கழிவும் இருந்தது. பிற்காலப் பரிசோதனைகளில் 200க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் அடையாளம் காணப்பட்டன.

ஒரு டொலருக்குக் கைமாறிய நிலம்

1953இல் ஹூக்கர் அந்தக் காணியை நகரத்தின் கல்விச் சபைக்கு ஒரு டொலருக்கு எழுதிக் கொடுத்தது. இங்கே இரசாயனக் கழிவு புதைக்கப்பட்டுள்ளது என்றும், இதனால் யாருக்கும் தீங்கு நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்றும் அந்த உறுதியில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. கழிவு இருப்பது விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். தெரியாமற் போனது பின்னர் அயலில் வீடு வாங்கி வந்த குடும்பங்களுக்குத்தான்.

அந்தக் காணியிலேயே பாடசாலை கட்டப்பட்டு 1955இல் திறக்கப்பட்டது. சுமார் 400 பிள்ளைகள் அங்கு படித்தனர். சுற்றிவர வீதிகள் போடப்பட்டன, வீடுகள் எழுந்தன. இளம் தொழிலாளர் குடும்பங்கள் கடன்பட்டு அந்த வீடுகளை வாங்கின. பாடசாலை அருகில், ஆறு அருகில், அமைதியான சூழல். பிள்ளை வளர்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்றுதான் எந்தத் தாயும் நினைத்திருப்பாள்.

வீதிகளுக்கும் கழிவுநீர்க் குழாய்களுக்கும் நிலத்தைத் தோண்டியபோது மூடியிருந்த களிமண் உடைபட்டது. மழைநீர் உள்ளே இறங்கியது. கால்வாய்க்கும் ஆற்றுக்கும் இடையில் பின்னர் அமைக்கப்பட்ட நெடுஞ்சாலை நிலத்தடி நீரின் இயல்பான ஓட்டத்தைத் தடுத்தது. அடைப்புப் போட்ட தொட்டி நிரம்புவது போலக் குழி நிரம்பியது. 1970களின் நடுப்பகுதியில் மழையும் பனியும் மிகுந்து பெய்தபோது, கழிவு கலந்த நீர் மேலே எழுந்து பக்கங்களுக்குப் பரவியது. வீடுகளின் நிலக்கீழ் அறைகளின் சுவர்களில் கறுப்புக் கசிவு தெரிந்தது. முற்றங்களில் பூமரங்கள் கருகின. மண்ணுக்குள் இருந்த பீப்பாய்கள் துருப்பிடித்து வெளியே தலைகாட்டின. காற்றில் எப்போதும் ஒரு நாற்றம் இருந்தது. நாற்றம் வீசினால் தொழிற்சாலை ஓடுகிறது, தொழிற்சாலை ஓடினால் சம்பளம் வரும் என்று பழகிப்போன நகரம் அது.

கதவைத் தட்டிய தாய்

1976இலிருந்து உள்ளூர்ப் பத்திரிகை இதுபற்றி எழுதத் தொடங்கியது. 1978இல் அந்தப் பத்திரிகையின் செய்தியாளர் மைக்கல் பிரவுண் எழுதிய தொடர் கட்டுரைகளை லோயிஸ் கிப்ஸ் என்ற 27 வயதுத் தாய் வாசித்தார். அவருடைய ஐந்து வயது மகன் அந்தப் பாடசாலையின் பாலர் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். பாடசாலை செல்லத் தொடங்கிய பிறகு அவனுக்கு வலிப்பு உட்பட ஒன்றன்பின் ஒன்றாக நோய்கள் வந்தன. உயிரியல் விஞ்ஞானியான தமது சகோதரியின் கணவரிடம், பத்திரிகையில் வந்த இரசாயனங்களின் பெயர்களுக்கு விளக்கம் கேட்டார் லோயிஸ். நரம்பையும் இரத்தத்தையும் தாக்கக்கூடியவை அவற்றில் பல என்று தெரியவந்தது.

மகனை வேறு பாடசாலைக்கு மாற்றித் தரும்படி அவர் கேட்டார். கல்வி அதிகாரிகள் மறுத்தனர். ஒரு பிள்ளையை மாற்றினால் எல்லாப் பிள்ளைகளையும் மாற்ற வேண்டிவரும் என்பதே அவர்களுடைய கவலை.

லோயிஸ் உயர்தரப் பாடசாலைப் படிப்புடன் நின்றவர். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. இயல்பிலே கூச்ச சுபாவம். பாடசாலையை மூடும்படி கோரும் விண்ணப்பம் ஒன்றை எழுதிக்கொண்டு வீடு வீடாகச் செல்லப் புறப்பட்டார். முதல் வீட்டின் கதவைத் தட்டியபோது யாரும் திறக்கவில்லை. அதையே சாட்டாக வைத்து வீடு திரும்பிவிட்டதாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். மறுபடியும் புறப்பட்டபோது கதவுகள் திறந்தன. கையொப்பம் வாங்கப் போன இடத்தில் அவர் கேட்டதெல்லாம் நோய்க்கதைகள். இந்த வீட்டில் கருச்சிதைவு, அடுத்த வீட்டில் சிறுநீரக நோய், எதிர்வீட்டில் குறைபாட்டுடன் பிறந்த குழந்தை. ஒவ்வொரு தாயும் இது தனக்கு மட்டும் வந்த தலைவிதி என்றே எண்ணியிருந்தாள்.

சமூகவியல் படித்த காலத்தில், தனிமனிதத் துன்பம் எந்தக் கட்டத்தில் சமூகப் பிரச்சினையாக மாறுகிறது என்று பரீட்சைக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அது நடந்தேறும் இடம் இதுதான். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வாசற்படியில் நின்று "உங்களுக்குமா?" என்று கேட்கும் கணத்தில் அது மாறுகிறது.

கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும்

1978 ஓகஸ்ட் 2ஆம் திகதி நியூயோர்க் மாநிலச் சுகாதார ஆணையாளர் அவசரநிலை பிரகடனம் செய்தார். பாடசாலை மூடப்பட்டது. கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் குழியை அண்டிய வீடுகளிலிருந்து வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்டது. உடனே தாய்மார் கொதித்தெழுந்தனர். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கூடாதது மூன்று வயதுப் பிள்ளைக்கு நல்லதா? நேற்றுக் கருத்தரித்து இன்னும் அறியாதிருக்கும் பெண்ணுக்கு யார் சொல்வது?

ஓகஸ்ட் 7ஆம் திகதி ஜனாதிபதி ஜிம்மி காட்டர் மத்திய அரசின் அவசரநிலையைப் பிரகடனம் செய்தார். குழியை ஒட்டிய வளையத்திலிருந்த 239 குடும்பங்களின் வீடுகளை மாநில அரசு வாங்கி அவர்களை வேறிடம் அனுப்பியது. அதற்கு வெளியே உயரமான வேலி போடப்பட்டது. வேலிக்கு அப்பால் 700க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு ஆபத்தில்லை என்று கூறப்பட்டது.

நிவாரணப் பட்டியலில் பெயர் வந்தவர், வராதவர் என்ற பிரிவினை எத்தகையது என்பதை இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் அறிவோம். ஒழுங்கையின் இந்தப் பக்கத்துக்கு உதவி, அந்தப் பக்கத்துக்கு இல்லை. லவ் கால்வாயிலும் அயலவர்கள் இப்படிப் பிரிந்தனர். நஞ்சு வேலியில் வந்து நின்றுவிடுமா என்று வெளியே இருந்தவர்கள் கேட்டனர். ஏற்கெனவே ஆரம்பித்திருந்த வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு லோயிஸ் தலைவியாக இருந்தார். அந்தச் சங்கம் போராட்டத்தைத் தொடர்ந்தது.

ஆண்களில் பலர் இரசாயனத் தொழிற்சாலைகளிலேயே வேலை செய்தவர்கள். வாய் திறந்தால் வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. ஆகவே கூட்டம், கடிதம், மறியல் எல்லாம் பெண்களின் தலையில் வந்தது. டிசம்பர் மாதக் கடுங்குளிரில் வேலைத்தளத்தின் வாயிலில் நின்று வாகனங்களை மறித்துக் கைதானார்கள். சிறுவர்களுக்கான சவப்பெட்டி செய்து மாநிலத் தலைநகருக்கு எடுத்துச் சென்றார்கள்.

வரைபடத்தில் இட்ட குறிகள்

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதி இது. எங்களுக்கு நோய் என்று சொன்னால் அதிகாரிகள் ஆதாரம் கேட்டனர். பெண்கள் ஆதாரத்தைத் தாங்களே சேகரிக்கப் புறப்பட்டனர். வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்தும் நேரில் சென்றும் யாருக்கு என்ன நோய், எப்போது வந்தது, எத்தனை பிரசவம், எத்தனை கருச்சிதைவு என்று கேட்டு எழுதினர். பிறகு லோயிஸ் அப்பகுதியின் வரைபடம் ஒன்றை எடுத்து நோய்வாரியாகக் குறிகளை இட்டார். குறிகள் சிதறிக் கிடக்கவில்லை. வரிவரியாக நின்றன.

ஊரிலுள்ள வயதானவர்களிடம் கேட்டபோது காரணம் புரிந்தது. முற்காலத்தில் அந்த வழியாகச் சிற்றோடைகள் ஓடின. வீடு கட்டும்போது அவற்றை மண் போட்டு நிரவினார்கள். மேலே ஓடை மறைந்தாலும் கீழே நீர் அந்தத் தடத்திலேயே போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரிலும் வாய்க்காலை மூடி வீடு கட்டினால் மாரியில் வெள்ளம் பழைய வாய்க்காலைத் தேடி வருமல்லவா? அதே விதமாக, நஞ்சு கலந்த நீர் பழைய ஓடைத் தடங்கள் வழியே வேலியைத் தாண்டிப் போயிருந்தது.

பபலோ நகரப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி பெவர்லி பேகன் இந்த ஆய்வுக்குத் துணை நின்றார். தகவல்களை ஒழுங்குபடுத்தவும், ஓடைத் தடத்து வீடுகளையும் ஏனைய வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் அவர் வழிகாட்டினார். 1974க்கும் 1978க்கும் இடையில் பிறந்த 16 குழந்தைகளில் 9 பேருக்குப் பிறவிக் குறைபாடு இருந்ததாக ஆய்வு காட்டியது. அதிகாரிகளோ இதை இல்லத்தரசிகள் திரட்டிய உதவாத தகவல் என்று தட்டிக்கழித்தனர்.

எண்ணிக்கை சிறியது என்பது உண்மை. இன்ன நோய்க்கு இன்ன இரசாயனமே காரணம் என்று நிறுவுவது விஞ்ஞானிகளுக்கே கடினம். ஆனாலும் பெண்கள் பார்த்த திசை பிழையல்ல. குப்பை கொட்டப்பட்ட காலத்தில் ஓடைத் தடப் பகுதியில் எடை குறைந்த குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தன என்று 1984இல் வெளிவந்த விஞ்ஞானக் கட்டுரை ஒன்று தெரிவித்தது. லவ் கால்வாயில் பிறந்த பிள்ளைகளிடம் பிறவிக் குறைபாடுகள் அந்த மாவட்டத்தின் ஏனைய இடங்களைவிட அதிகம் என்பதை மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் நீண்டகால ஆய்வும் பின்னர் கண்டது.

1979 பெப்ரவரியில் வேலிக்கு வெளியே இருந்த கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் தற்காலிகமாக வெளியேறலாம் என்று சுகாதார ஆணையாளர் அறிவித்தார். பெண்களின் பதிவேடு சொன்னதை அரசு பாதியளவாவது ஒப்புக்கொண்டது. ஆனால் பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பினால் குடும்பம் திரும்பி வந்துவிட வேண்டும். கரு கலைந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும். இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. கருவை இழந்த ஒரு தாயிடம், இனி நீ நஞ்சுள்ள வீட்டுக்குப் போகலாம் என்று கடிதம் சொல்லும் அளவுக்கு விதிமுறைகள் இரக்கமற்றவையாக இருக்க முடிகிறது.

வாடகை வீட்டுப் பெண்கள்

வீட்டு உரிமையாளர்களைப் பற்றியே உலகம் அதிகம் பேசியது. ஆனால் குழிக்கு அருகே கிரிபன் மேனர் என்ற அரச குடியிருப்புத் தொகுதியும் இருந்தது. அங்கு வாடகைக்கு இருந்தவர்களிற் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். காணி உறுதி இல்லை, விற்க வீடும் இல்லை. எனவே வீடுகளை வாங்கி இழப்பீடு கொடுக்கும் திட்டத்தில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. அங்கு வாழ்ந்த எலீன் தோர்ன்ரன் என்ற பெண் வாடகைக் குடியிருப்பாளர்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்து அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்.

பாதிப்பு ஒன்றாக இருந்தாலும், கையில் எந்தக் கடதாசி இருக்கிறது என்பதைப் பொறுத்தே பரிகாரம் வருகிறது. உறுதி இல்லாத காணியிலும் உறவினர் வீட்டிலும் வாழும் எத்தனையோ பெண்களுடன் வேலை செய்பவள் என்ற வகையில், எலீனின் பெயரையும் எமது பெண்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இரண்டாவது பிரகடனம்

1980 மே மாதத்தில், பரிசோதிக்கப்பட்ட 36 பேரில் 11 பேரின் நிறமூர்த்தங்களில் பாதிப்பு உள்ளதாக மத்திய சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அறிவித்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊர் மக்களைச் சேர்க்காத அந்த ஆய்வு விஞ்ஞானிகளின் விமர்சனத்துக்கு உள்ளானது. ஆனால் செய்தியைக் கேட்ட தாய்மாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மே 19ஆம் திகதி குடியிருப்பாளர்கள் சங்க அலுவலகத்துக்கு வந்த முகவரக அதிகாரிகள் இருவரைச் சில மணித்தியாலங்கள் வெளியே விடாது தடுத்து வைத்து, வெள்ளை மாளிகைக்குக் காலக்கெடு விதித்தனர். இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மக்களின் பொறுமை எவ்வளவு தூரம் சோதிக்கப்பட்டது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

மே 21ஆம் திகதி ஜனாதிபதி காட்டர் இரண்டாவது தடவையாக அவசரநிலை பிரகடனம் செய்தார். ஒக்டோபர் 1ஆம் திகதி நயாகரா நகருக்கு வந்து, விரும்பும் குடும்பங்களின் வீடுகளை வாங்குவதற்கான உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். கூச்சத்தால் முதற் கதவிலிருந்து திரும்பிய பெண்ணின் ஊருக்கு, இரண்டு வருடங்களில் நாட்டின் ஜனாதிபதி வந்து சேர்ந்தார்.

துப்புரவாக்குவது என்றால் என்ன?

பழைய கழிவுக்குழியைத் துப்புரவாக்குவது என்றால் தோண்டி அள்ளி லொறியில் ஏற்றிக்கொண்டு போவது என்று பலர் நினைக்கிறார்கள். அது அவ்வளவு இலகுவல்ல. தோண்டினால் ஆவி கிளம்பும், பீப்பாய் உடையும், அள்ளியதைப் புதைக்க இன்னொரு ஊர் வேண்டும். எனவே முதலில் ஆராய்வார்கள். யார், எப்போது, எதைக் கொட்டினார்கள் என்று பழைய ஆவணங்களையும் படங்களையும் பார்ப்பார்கள். வீட்டின் காற்று, நிலக்கீழ் நீர், மண் ஆகியவற்றில் மாதிரி எடுப்பார்கள். குழாய்க்கிணறுகள் இறக்கி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிவார்கள். கண்ணிவெடி அகற்றுபவர்கள் காணியைத் துண்டு துண்டாக அடையாளமிட்டுக் கவனமாகப் பரிசோதித்ததை நாம் கண்டிருக்கிறோம். இதுவும் அதுபோல ஒரு நிதானமான வேலை.

லவ் கால்வாயில் கழிவு இன்றும் அதே குழிக்குள்தான் இருக்கிறது. அது வெளியேறாதபடி அடைத்து வைத்திருக்கிறார்கள். 1978, 1979ஆம் ஆண்டுகளில் குழியைச் சுற்றி ஆழமாக வெட்டி வடிகுழாய்கள் பதித்தனர். பக்கங்களுக்குப் பரவும் நச்சுநீர் இந்தக் குழாய்களில் விழும். அதை அங்கேயே அமைத்த சுத்திகரிப்பு நிலையத்துக்கு எடுத்து, விசேடமாகத் தயாரித்த கரியின் ஊடாகச் செலுத்துவார்கள். கரி இரசாயனங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழியின் மேல் களிமண் மூடி போடப்பட்டது. 1984இல் அதைத் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பும் மண்ணும் கொண்டு 40 ஏக்கர் பரப்புக்கு விரிவாக்கினர். மழைநீர் உள்ளே இறங்காதிருக்கவே இந்த ஏற்பாடு.

வேலை நடக்கும்போது நச்சு ஆவி கிளம்பினால் என்ன செய்வது என்று பெண்கள் கேட்டிருந்தார்கள். அதன் பயனாக, மக்களை ஏற்றிச் செல்ல பஸ்கள் தயாராக நிறுத்தப்பட்டன. 1979இல் நாற்றம் தாங்காது பல குடும்பங்கள் விடுதிகளிற் தங்கவும் நேர்ந்தது. குழியை ஒட்டிய வீடுகளும் பாடசாலையும் பின்னர் இடிக்கப்பட்டன. கழிவுநீர்க் குழாய்களிலும் அயலிலுள்ள ஓடைகளிலும் படிந்திருந்த டயொக்சின் கலந்த சேறு அகற்றப்பட்டது. 70 ஏக்கர் பரப்பு வேலியடைக்கப்பட்டது.

2004 செப்டெம்பரில் இந்த இடம் அமெரிக்காவின் அபாயகரமான கழிவிடங்களின் முதன்மைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பட்டியலிலிருந்து நீங்கியதே தவிரக் கண்காணிப்பு நிற்கவில்லை. ஆண்டுதோறும் மில்லியன் கணக்கான லீற்றர் நீர் சுத்திகரிக்கப்படுகிறது, கிணறுகளில் மாதிரி எடுக்கப்படுகிறது. 1990 முதல் வேலிக்கு வடக்கே திருத்தப்பட்ட வீடுகள் மீண்டும் விற்கப்பட்டன. அங்கு குடிவந்த சிலர் தங்களுக்கும் பாதிப்பு என்று 2010களில் வழக்குத் தொடுத்தனர். புதைத்தது 11 வருடங்கள். பார்த்துக்கொள்ள வேண்டிய காலத்துக்கு முடிவில்லை.

செலவை யார் கொடுப்பது?

லவ் கால்வாய்ப் பெண்களின் போராட்டம் ஒரு சட்டத்துக்கும் வழிவகுத்தது. 1980 டிசம்பர் 11ஆம் திகதி கையொப்பமிடப்பட்ட அந்தச் சட்டத்தைப் பொதுவாகச் சுப்பர்பண்ட் சட்டம் என்பர். இரசாயன, பெற்றோலிய நிறுவனங்களிடம் வரி வசூலித்து ஒரு பெரிய நிதியம் அமைக்கப்பட்டது. கழிவைக் கொட்டியவரிடமே செலவை வாங்க வேண்டும், அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நிதியத்திலிருந்து துப்புரவாக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த வரி 1995இல் காலாவதியாகிப் பின்னர் இரசாயனப் பொருட்களுக்கு 2022இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. முதன்மைப் பட்டியலில் 1,300க்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன.

ஹூக்கரை வாங்கிய ஒக்சிடென்ரல் நிறுவனம் துப்புரவுச் செலவுக்காக 1994இல் நியூயோர்க் மாநிலத்துக்கு 98 மில்லியன் டொலரும், 1995இல் மத்திய அரசுக்கு 129 மில்லியன் டொலரும் கொடுக்க இணங்கியது. ஒரு டொலருக்குக் கைகழுவிய காணி கடைசியில் வைத்த கணக்கு இது. லோயிஸ் கிப்ஸ் 1981இல் வேறு ஊர் மக்களுக்கும் உதவுவதற்கென ஓர் அமைப்பை ஆரம்பித்தார். 1990இல் கோல்ட்மன் சுற்றாடல் விருது அவருக்குக் கிடைத்தது.

எங்கள் முற்றத்துக்கு வருவோம்

நிலத்தடி நீர் மாசடைவதன் வேதனையை எமது மண்ணும் அறியும். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்ததை மறக்க முடியாது. அது தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்றுக்கு உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உத்தரவிட்டது. நீதிமன்றத்தில் நிற்பது ஒரு வாசகமல்ல. பரிசோதனை அறிக்கையும் பதிவுகளும்தான் அங்கே பேசுகின்றன.

ஆகவே சகோதரிகளே, ஒரு கொப்பியை எடுங்கள். கிணற்று நீரின் நிறமோ மணமோ மாறினால் திகதியைப் போட்டு எழுதுங்கள். எந்தெந்த வளவுகளில் அப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஒழுங்கைகளையும் கிணறுகளையும் கையால் கீறி ஒரு படம் செய்து குறி இடுங்கள். பழைய குளம், வாய்க்கால், தொழிற்சாலை எங்கே இருந்தன என்று அம்மம்மா, அப்பப்பாவிடம் கேளுங்கள். அவர்களுடைய நினைவும் ஓர் ஆவணமே. கருச்சிதைவு பற்றிப் பேசப் பெண்கள் தயங்குவார்கள். உங்கள் பகுதி மருத்துவமாதுவின் துணையுடன், விரும்பினால் மட்டும், பெயர் வெளிவராதபடி கேட்டு எழுதுங்கள்.

நீரில் எண்ணெயோ இரசாயனமோ கலந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், இரசாயனம் போகாது. பூச்சிகொல்லி, இரசாயனம் வந்த பீப்பாய்களை நீர் சேமிக்கப் பாவிக்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் முறையிடுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குப் பிரதி அனுப்புங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் கிடைத்ததற்கான கையொப்பத்தை வாங்கி வைத்திருங்கள். பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவைக் கேட்டுப் பெற 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு இடமளிக்கிறது.

காணாமற்போனவர்களின் விபரங்களைத் திகதி, இடம், அடையாளம் தவறாமல் வருடக்கணக்காகக் கோவையில் பேணிவரும் தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். பதிவு செய்வது எப்படி என்பதை அவர்களுக்குக் கற்பிக்க நான் யார்? அந்தக் கோவைக்குப் பக்கத்தில் கிணற்றுக்கும் ஒரு கொப்பி இருக்கட்டும் என்று மட்டுமே கேட்கிறேன்.